தூக்கி நிறுத்திவிட்டால் கணக்கு முடிந்ததா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கவும். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் கட்டாயம் படிக்கவும். ஒரு மாதமாக அங்கே என்னைப் பற்றி எழுதப்பட்டதற்கு அங்கேயே பதில் சொல்லிப் பார்த்தேன். நான் ஒன்று எழுதினால் அதன் மேல் பத்து "இனிய காலை வணக்கம்" ரோஜாப்பூ வந்து விழுந்து மூடிவிடுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் ஒரு பைக். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பியின் 2016 மாடல் ஸ்பிளெண்டர். "ஒரு பழைய பைக்குக்காக சொந்தத்தையே பகைச்சுக்கிட்டார் வாத்தியார்" என்று பேசுகிறார்களாம். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். பிறகு யார் பகைத்தார்கள் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு வளைகாப்பு. உறையூரில் எங்கள் தெரு எப்படி என்று வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கார் வந்தால் எதிரே வரும் பைக் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். அன்றைக்கு எட்டு கார். நான்தான் வாசலில் நின்றுகொண்டு, "எங்க இடம் இருக்கோ அங்க போடுங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். என் பங்குத் தப்பு அது. முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எதிர்வீட்டுத் தம்பிக்கு இருபத்தாறு வயது. விடியற்காலை நாலரைக்குப் பால் பாக்கெட் லைன். ஒன்பது மணிக்கு மேல் கூரியர் டெலிவரி. இரண்டு வேலைக்கும் அந்த ஒரே வண்டி. அவன் இருக்கும் வீட்டில் போர்டிகோ கிடையாது. கீழ்வீட்டுச் சுவரை ஒட்டி, சாக்கடை மூடி மேல் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துவான். நாலு வருஷமாக அதே இடம்.

மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு கார் கிளம்பியது. ஓட்டியவர் நம் சொந்தத்தில் ஒரு வீட்டு மாப்பிள்ளை. பின்னால் நின்று "வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்" என்று கை காட்டியவர் என்னிடம் படித்தவர். பெயர் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை.

வந்தது. பைக் வலது பக்கமாக விழுந்தது. இருவரும் தூக்கினார்கள், பழையபடி ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள், போய்விட்டார்கள். எதிர்வீட்டில் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. எனக்குச் சத்தம் கேட்டது. சமையல்காரர்கள் அண்டாவை உருட்டுகிறார்கள் என்று நினைத்து பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை, இருட்டு விலகாத நேரம். தம்பி வந்து பார்க்கிறான், வண்டி வழக்கம்போல நிற்கிறது. பால் டிரேயைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். நாச்சியார் கோவில் பக்கம் திரும்பும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியிருக்கிறது. வேகம் முப்பதுதான் இருக்கும். காலால் பிரேக்கை மிதித்தான். மிதி கீழே இறங்கவில்லை. முந்தைய நாள் விழுந்ததில் ஃபுட் ரெஸ்ட் வளைந்து பிரேக் பெடலோடு சிக்கிக் கிடந்தது. பயத்தில் கைப்பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த லீவர் கையோடு வந்துவிட்டது. வண்டி இடது பக்கம் சரிந்து, அவன் மணிக்கட்டில் எலும்பு விரிசல். பால் பாக்கெட் எல்லாம் ரோட்டில்.

மெக்கானிக் பார்த்த உடனே சொல்லிவிட்டார். "இது ரெண்டு தடவை விழுந்திருக்கு சார். இன்னிக்கு விழுந்தது இடது பக்கம். பெடல், ஃபுட் ரெஸ்ட், டேங்க் அடி எல்லாம் வலது பக்கம். அது வேற விழுப்பு." தம்பியோ, "நேத்து ராத்திரி நல்லாத்தானே சார் நின்னுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

நல்லாத்தான் நின்றது. நிற்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் அல்லவா?

இரண்டு வீடு தள்ளி ஒரு கேமரா இருக்கிறது. நானே போய்க் கேட்டுப் பார்த்தேன். மொத்தம் 41 விநாடி. கார் பின்னால் வருகிறது, பைக் விழுகிறது, இருவரும் இறங்குகிறார்கள். தூக்குவதற்கு முன்னால் ஒருவர் தெருவின் இந்தப் பக்கம் பார்க்கிறார், இன்னொருவர் அந்தப் பக்கம் பார்க்கிறார். பிறகு தூக்குகிறார்கள். கர்ச்சீப்பால் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். கிளம்புகிறார்கள்.

கார் இடித்ததற்கு எனக்குக் கோபமே இல்லை. குறுகிய தெரு, உண்ட மயக்கம், யாருக்கும் நேரும். அந்த இரண்டு பக்கமும் பார்த்த நாலு விநாடிதான் என்னைத் தூங்கவிடவில்லை. பரீட்சை ஹாலில் பிட் எடுக்கும் பையன் அப்படித்தான் பார்ப்பான். முப்பத்து நாலு வருஷம் அந்தப் பார்வையை வகுப்பில் பிடித்தவன் நான். என் வீட்டு வளைகாப்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, என் வாசலிலேயே அந்தப் பார்வை.

போன் செய்தேன். மாப்பிள்ளை முதலில், "எங்க கார் இல்ல மாமா" என்றார். வீடியோ அனுப்பினேன். "ஓ, அதுவா? சும்மா சாஞ்சுது, தூக்கி நிறுத்திட்டுதான் வந்தோம்" என்றார். எலும்பு விரிசல் என்று சொன்னேன். "சரி, ஒரு ஆயிரம் ரூபாய் கொடுத்துடுங்க, நான் ஜிபே பண்றேன்" என்றார்.

அதன் பிறகு குடும்பக் குழுவில் நடந்த பட்டிமன்றம் உங்களுக்குத் தெரியும். அங்கே வந்த வாதங்கள் மொத்தம் ஐந்து. கணக்கு வாத்தியார் என்பதால் எண் போட்டே பதில் சொல்கிறேன்.

1. "சின்னக் கீறல்தானே?"

இதோ சின்னக் கீறலின் கணக்கு. மிரர் 220. பிரேக் லீவர் 130. இன்டிகேட்டர் 170. ஹேண்டில் பார் 520. ஃபுட் ரெஸ்ட் 380. பிரேக் பெடல் 330. ஃபோர்க் கோட்டம் எடுக்க 700. டேங்க் நசுங்கலை எடுத்து டச்சப் செய்ய 900. கூலி 800. ஆக வண்டிக்கு 4,150. எக்ஸ்ரே, கட்டு, மாத்திரை 2,300. உடைந்த பாலுக்கு 700. பால் லைன் 24 நாள் போகவில்லை, நாளுக்கு 250 வீதம் 6,000. கூரியரில் 20 வேலை நாள், 550 வீதம் 11,000.

கூட்டிப் பாருங்கள். 24,150 ரூபாய்.

காரில் உட்கார்ந்து பார்த்தால் அது கீறல். மாதம் இருபதாயிரம் சொச்சம் சம்பாதிப்பவனுக்கு அது ஒரு மாதம். இடித்தவரின் கண்ணுக்குச் சின்னதா என்பது கேள்வி அல்ல. இடிபட்டவரின் பையில் அது எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரே எண் ஒருவருக்குப் பத்தில் ஒரு பங்கு, இன்னொருவருக்கு முழுசு. இந்தப் பின்னக் கணக்கை ஆறாம் வகுப்பிலேயே நடத்திவிட்டேன்.

2. "அவன் ஏன் ரோட்டில் நிறுத்தினான்?"

வேறு எங்கே நிறுத்துவான்? மாடியில் தூக்கிக்கொண்டு போய் வைப்பானா? நம் தெருக்களில் வாடகைக்கு விடும் எத்தனை வீட்டில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது? சொந்தக் கார் ஏறுவதற்காக சாக்கடையைத் தாண்டி ரோட்டுக்குள் நாலடி சாய்தளம் கட்டியவர்களை யாரும் கேட்பதில்லை. அதற்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும் பைக்கைப் பார்த்ததும் எல்லோருக்கும் போக்குவரத்து ஒழுங்கு ஞாபகம் வந்துவிடுகிறது. அன்றைக்கு நம் எட்டு கார்களும் எங்கே நின்றன? ரோட்டில்தானே?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122 சொல்வது இதுதான்: பொது இடத்தில் ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. சுவரை ஒட்டி நின்ற பைக் யாருக்கு ஆபத்து? அப்படியே அவன் தப்பாக நிறுத்தியிருந்தாலும் அதற்கு அபராதம் போட போலீஸ் இருக்கிறது. தப்பாக நிற்கும் வண்டியை இடித்துக்கொள்ளலாம், இடித்தால் சொல்ல வேண்டாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

3. "தூக்கி நிறுத்திட்டுதானே வந்தாங்க? வேற யாராச்சும்னா அப்படியே போட்டுட்டுப் போயிருப்பான்."

இந்த வாதத்துக்குக் குழுவில் ஏழு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள். அதனால் இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். பைக் கீழே கிடந்திருந்தால் தம்பி வந்து பார்த்ததும் "ஐயோ, யாரோ இடிச்சுட்டாங்க" என்று தெரிந்திருக்கும். கைப்பிரேக்கைப் பிடித்துப் பார்த்திருப்பான், காலால் பெடலை அழுத்திப் பார்த்திருப்பான், ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று முன்னால் நின்று பார்த்திருப்பான். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போயிருப்பான். ஒரு நாள் பால் லைன் போயிருக்கும், அவ்வளவுதான். கை தப்பியிருக்கும்.

விழுந்த வண்டி, "நான் விழுந்தேன்" என்று தானே சொல்லும். தூக்கி நிறுத்திய வண்டி, "எனக்கு ஒன்றுமில்லை" என்று பொய் சொல்லும். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது இவர்கள் இருவரும். அதை நம்பி இருட்டில் ஏறி உட்கார்ந்தவன் அவன். சொல்லிவிட்டுத் தூக்கி நிறுத்தினால் அது உதவி. சொல்லாமல் தூக்கி நிறுத்தினால் அது தடயத்தை மறைப்பது. இதைப் பண்பாடு என்று குழுவில் பாராட்டியவர்கள் தயவுசெய்து மறுபடியும் யோசிக்கவும்.

4. "இன்சூரன்ஸ் இருக்கும்ல, அவன் வாங்கிக்கட்டும்."

இங்கேதான் என் மாணவர்களிலேயே பலருக்குக் குழப்பம். அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்று சட்டம் சொல்வது மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்டு பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு அது. நம் வண்டியின் சேதத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. அதற்கு ஓன் டேமேஜ் என்று தனியாகக் கட்ட வேண்டும். பத்து வருஷப் பழைய பைக்குக்கு யார் கட்டுகிறார்கள்? தம்பி கட்டவில்லை.

புது பைக் வாங்கிய பிள்ளைகள் கவனியுங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புது இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி கட்டாயம். "எனக்கு அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று நிம்மதியாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் ஓன் டேமேஜ் ஒரு வருஷத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். அது முடிந்ததா என்று இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

ஓன் டேமேஜ் இருந்தாலும் முழுசாகக் கிடைக்காது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழித்துத்தான் தருவார்கள். ஒரு தடவை கிளெய்ம் செய்துவிட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை சேரும் சலுகை. ஆக, யாரோ இடித்ததற்கு இடிபட்டவன் தன் போனஸை இழந்து, தன் நேரத்தை இழந்து, மீதியைக் கையிலிருந்தும் போட வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

உண்மையில் இந்த மாதிரி நஷ்டத்துக்கென்றே இருப்பது இடித்த காரின் தேர்டு பார்ட்டி. அதில் அடுத்தவர் உடைமைக்கு 7.5 லட்சம் வரை இடம் உண்டு. ஆனால் அதை வாங்க வேண்டுமானால் போலீஸ் புகார், முதல் தகவல் அறிக்கை, தீர்ப்பாயம் என்று அலைய வேண்டும். நாலாயிரம் ரூபாய் பைக் வேலைக்குக் கூலிக்காரன் தீர்ப்பாயம் போவானா? போக மாட்டான் என்ற தைரியம்தான் இடிப்பவர்களின் மூலதனம்.

இன்னொன்று. அந்த ஞாயிறு மாலையே காரின் பின் பம்பரில் இருந்த கீறலை மாப்பிள்ளை கவனித்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஷோரூமில் விட்டு, "பார்க்கிங்கில் பட்டது" என்று எழுதிக் கொடுத்து, தன் இன்சூரன்ஸில் சரிசெய்துகொண்டார். கூட இருந்த மாணவர்தான் சொன்னார். தன் பம்பர் கீறலுக்குப் படிவம் நிரப்பத் தெரிந்த கைக்கு, ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பர் எழுதத் தெரியவில்லை.

5. "மாப்பிள்ளைகிட்ட போய் இதைக் கேட்கலாமா? எவனோ எதிர்வீட்டுக்காரன் பெரிசா, சொந்தம் பெரிசா?"

கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான். மற்ற நாலும் இதற்குப் போட்ட போர்வை.

மாப்பிள்ளை என்றால் மரியாதை செய்வோம். இலையில் முதல் பரிமாறல் செய்வோம், தலைவாசல் வரை வந்து வழியனுப்புவோம். அவர் செய்த தப்பை அடுத்த வீட்டுப் பையன் சுமக்க வேண்டும் என்று எந்தச் சம்பிரதாயத்தில் இருக்கிறது? சொந்தம் என்பதற்காக நான் என் பணத்தை விட்டுக்கொடுக்கலாம், என் வருத்தத்தை விட்டுக்கொடுக்கலாம். தம்பியின் கையை விட்டுக்கொடுக்க நான் யார்?

"அவனே ஒண்ணும் கேட்கலையே, நீங்க ஏன் குதிக்கிறீங்க?" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. தம்பி கேட்கவில்லை. கையில் கட்டோடு வந்து, "விடுங்க சார், உங்க வீட்டு விசேஷத்துல நடந்தது, பெருசு பண்ண வேணாம்" என்றான். அவன் சொன்ன அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன், இதை விடக் கூடாது என்று. அவன் மன்னிக்கவில்லை ஐயா, பயப்படுகிறான். வாடகை வீட்டுப் பையன், எதிரே சொந்த வீட்டு வாத்தியார், நாலு கார் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள். கேட்டால் நாளைக்கு இந்தத் தெருவில் இருக்க முடியுமா என்று அவனுக்கு யோசனை. கேட்கத் தெம்பில்லாதவனின் மௌனத்தை அவன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வது நமக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது.

"போலீஸ் வரைக்கும் போவேன்னு மிரட்டினார்" என்றும் ஒரு புகார். மிரட்டவில்லை, சட்டத்தைச் சொன்னேன். அதே 1988 சட்டத்தின் பிரிவு 134. ஒரு வண்டியால் அடுத்தவர் உடைமைக்குச் சேதம் ஏற்பட்டாலும், ஓட்டியவர் பக்கத்துக் காவல் நிலையத்தில் கூடிய சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் அடிபட்டால் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. தெரிவிக்காவிட்டால் பிரிவு 187. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "சும்மா சாஞ்சுது" என்ற விஷயத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் இது.

இப்போது என் பக்கம் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஊருக்கு உபதேசம் செய்தால் அது நியாயமாகாது.

1991. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில்தான் என் டிவிஎஸ் 50-ஐ நிறுத்துவேன். ஒரு நாள் கடைசி பீரியடின்போது அவசரமாகக் கிளம்பியவன், வண்டியைத் திருப்பும்போது வரிசையில் நின்ற ஒரு சைக்கிளில் இடித்துவிட்டேன். அது அடுத்ததில் சாய்ந்து, எட்டுப் பத்து சைக்கிள் மடமடவென்று விழுந்தன. சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தினேன். ஒரு சைக்கிளின் முன் வீல் கோட்டமாகிப் போயிருந்தது தெரிந்தது. தெரிந்தும் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் முதல் பீரியடுக்கு ஒரு பையன் இருபது நிமிஷம் தாமதமாக வந்தான். சோமரசம்பேட்டைப் பக்கத்திலிருந்து வருபவன். கை நீட்டச் சொல்லி ஸ்கேலால் இரண்டு அடி போட்டு வெளியே நிற்க வைத்தேன். பிறகுதான், "ஏன்டா லேட்டு?" என்று கேட்டேன். "சைக்கிள் வீல் கோட்டமாயிடுச்சு சார், நடந்து வந்தேன்" என்றான்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "சரி, உள்ள வா" என்று மட்டும் சொன்னேன். அந்த வீலைச் சரிசெய்ய அவன் அப்பாவிடம் எத்தனை ரூபாய் கேட்டானோ, என்ன வாங்கிக் கட்டிக்கொண்டானோ. நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயம். வருஷம் முழுக்க அவன் முன் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

அவன், இல்லை, அவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறாரா என்று தெரியாது. இருந்தால், தம்பி, உன் சைக்கிளை இடித்தது நான்தான். அடி வாங்கியது நீ. முப்பத்து நாலு வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள். நீ எப்போது வந்தாலும் அந்த வீலுக்கான காசு என்னிடம் இருக்கிறது.

ஆகவே அந்த 41 விநாடி வீடியோவில் நான் பார்த்தது மாப்பிள்ளையை மட்டுமல்ல. இரண்டு பக்கமும் பார்க்கும் அந்தப் பார்வையை எனக்கு உள்ளிருந்தும் தெரியும். தூக்கி நிறுத்திவிட்டால் முடிந்துவிடும் என்று அப்போது தோன்றும். முடியாது. உங்கள் பங்கு அடியை வேறு ஒருவன் வாங்குவான். அதனால்தான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறேன்.

இனி என் பிள்ளைகளுக்காக நடைமுறையில் சில விஷயங்கள்.

நிறுத்திய வண்டியை நீங்கள் இடித்துவிட்டால்: இறங்குங்கள். பக்கத்து வீட்டில், டீக்கடையில், "இது யார் வண்டி?" என்று கேளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் பெயர், போன் நம்பர், உங்கள் வண்டி எண், "நான் இடித்துவிட்டேன், ஓட்டுவதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள்" என்று ஒரு சீட்டு எழுதி ஸ்பீடோமீட்டர் பக்கம் செருகுங்கள். அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். சீட்டு காற்றில் பறக்கலாம், பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். காவல் நிலையத்தில் தெரிவிப்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் வண்டியை யாரோ இடித்திருந்தால்: தூக்குவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். முன் பிரேக் லீவர், கால் பிரேக், கிளட்ச், ஆக்ஸிலேட்டர் திரும்பி வருகிறதா, ஹேண்டில் நேராக இருக்கிறதா, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே பாருங்கள். சந்தேகம் இருந்தால் தள்ளிக்கொண்டு போங்கள். அன்றைக்கே கேமரா உள்ள வீடுகளில் கேளுங்கள். பதிவு நிறைந்ததும் பழையது தானே அழிந்துவிடும், அடுத்த மாதம் போய்க் கேட்டால் இருக்காது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ஓன் டேமேஜ் இருந்தால், வண்டியைப் பிரிப்பதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். பழுது பார்த்த ஒவ்வொரு பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும்: தினமும் காலையில் வண்டி எடுக்கும்போது, உருட்டும் முன் இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். இரண்டு விநாடி வேலை. வண்டி நேராக நிற்கிறது என்பதால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நம் ஊரில் தூக்கி நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

கடைசியாக, கணக்கு எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 24,150-இல் ஆளுக்குப் பாதி, 12,075. கை காட்டிய மாணவர் பத்து நாள் முன்பு நேரில் வந்தார். என்னிடம் வரவில்லை, நேராக எதிர்வீட்டு மாடி ஏறினார். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்து, "சார், இனிமே வரட்டும் வரட்டும்னு சொல்றதுக்கு முன்னாடி பின்னாடி பார்ப்பேன் சார்" என்றார். அவருக்கு என் வீட்டில் காபி கொடுத்தேன். அவர்மேல் எனக்கு இப்போது மரியாதை கூடித்தான் இருக்கிறது.

மீதி 12,075-ஐ என் பென்ஷனிலிருந்து தம்பியிடம் கொடுத்துவிட்டேன். வாங்க மறுத்தான், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அவன் வீட்டில் அடுப்பு எரிய நம் குடும்பச் சண்டை முடியும் வரை காத்திருக்க முடியாது. ஆனால் உறவுகளே, அந்தப் பணத்தை நான் கொடுத்துவிட்டதால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதை எனக்கு ஜிபே செய்யவும் வேண்டாம், செய்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். மாப்பிள்ளை நேரில் வர வேண்டும். எதிர்வீட்டு மாடி ஏற வேண்டும். அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்து, "நான்தான் இடிச்சேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லி, பணத்தை அவன் கையில் கொடுக்க வேண்டும். என் பாக்கியை அவன் பிறகு எனக்குத் தருவான்.

என் பேரனோ பேத்தியோ பிறக்க இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. குழந்தையைப் பார்க்க எல்லோரும் வருவீர்கள், வர வேண்டும். மாப்பிள்ளையும் வரட்டும், முதல் இலை அவருக்குத்தான். தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டு இந்தத் தடவை நடந்து வரச் சொல்லுங்கள். எந்த வாசலுக்கு முதலில் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

— உங்கள் கணக்கு வாத்தியார்
உறையூர்

(பகிர விரும்புபவர்கள் தாராளமாகப் பகிரலாம். கமெண்டில் யாரும் பெயர் ஊகிக்க வேண்டாம், அழித்துவிடுவேன்.)